கார்டை மாற்றலாம், கணக்கை மாற்ற முடியுமா? இரு மாநில எல்லையில் ஆன்லைன் பிளாக்ஜாக் எழுப்பும் கேள்விகள்

பாறசாலை (திருவனந்தபுரம்): களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலை, சிறிது தூரத்திலேயே தமிழ்நாட்டை விட்டு வெளியேறி இஞ்சிவிளை வழியாகப் பாறசாலைக்குள் நுழைகிறது. சாலையின் இந்தப் பக்கத்தில் லாட்டரிச் சீட்டு விற்பது 2003 ஜனவரி முதல் குற்றம். அந்தப் பக்கத்தில் அதே சீட்டை மாநில அரசே அச்சிட்டு விற்கிறது. சீட்டு வாங்க விரும்பும் தமிழ்நாட்டுக்காரர் எல்லையைக் கடந்து சென்றாக வேண்டும். 2023ஆம் ஆண்டு கேரளத்தின் திருவோணம் பம்பர் குலுக்கலில் முதல் பரிசான 25 கோடி ரூபாய், மற்றோர் எல்லை ஊரான வாளையாறில் விற்ற சீட்டுக்கு விழுந்தது. அதை வாங்கியவர்கள் தமிழ்நாட்டைச் சேர்ந்த நான்கு பேர்.

காகிதச் சீட்டுக்கு எல்லை உண்டு. கைபேசித் திரையில் விரியும் சீட்டாட்டத்துக்கு அது கிடையாது. பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துக் கிராமங்களிலும், அவற்றை ஒட்டிய விளவங்கோடு பகுதியிலும் ஒரே குடும்பத்தின் உறவுகள் இருபுறமும் பரவியிருக்கின்றன. இருபுறத்துக் கைபேசிகளிலும் ஒரே விளையாட்டுத் தளங்கள்தாம் திறக்கின்றன. ஆனால், அவற்றில் பணம் வைத்து ஆடுவது குற்றமா, ஆடியவர் தண்டிக்கப்படுவாரா, ஏமாந்தவர் அச்சமின்றிப் புகார் அளிக்கலாமா என்ற கேள்விகளுக்கு, ஆடுபவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தும், கேட்கும் ஆண்டைப் பொறுத்தும் கடந்த ஐந்தாண்டுகளில் வெவ்வேறு விடைகள் கிடைத்துள்ளன.

இந்தக் குழப்பத்தைப் புரிந்துகொள்ள, வெளிநாட்டுச் சூதாட்டத் தளங்களில் காணப்படும் ஒரு குறிப்பிட்ட விளையாட்டை எடுத்துக்கொள்வது உதவும். அதன் பெயர் 'பிளாக்ஜாக் ஸ்விட்ச்'. 'திறமை' என்ற சொல் ஆடுபவரின் மனத்திலும் நீதிமன்றத்திலும் எப்படி வேலை செய்கிறது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் விளையாட்டு வேறொன்று இருப்பது அரிது.

விளையாட்டு நடக்கும் விதம்

சாதாரண பிளாக்ஜாக்கில் ஆடுபவருக்கு எதிராளி சூதாட்ட விடுதியின் 'டீலர்' மட்டுமே. கையிலுள்ள கார்டுகளின் கூட்டுத்தொகை 21ஐத் தாண்டாமல், டீலரின் தொகையைவிட அதிகமாக இருந்தால் வெற்றி. 21ஐத் தாண்டினால் தோல்வி. ராஜா, ராணி, ஜாக்கி ஆகியவற்றுக்கு மதிப்பு 10. ஏஸ் கார்டை 1 என்றோ 11 என்றோ கொள்ளலாம். முதல் இரண்டு கார்டுகளிலேயே ஏஸும் 10 மதிப்புள்ள கார்டும் வந்துவிட்டால் அது 'பிளாக்ஜாக்'. அதற்கு வழக்கமாக ஒன்றரை மடங்கு பரிசு உண்டு. 100 ரூபாய் வைத்தவருக்கு 150 ரூபாய் கிடைக்கும்.

ஸ்விட்ச் வகையில் ஆடுபவர் ஒரே நேரத்தில் இரண்டு கைகளுக்குச் சமமான பந்தயம் வைக்க வேண்டும். ஒவ்வொரு கைக்கும் இரண்டு கார்டுகள் தரப்படும். விரும்பினால், இரண்டாவதாக வந்த கார்டுகளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த விதியை வடிவமைத்தவர் ஜெஃப் ஹால் என்ற பிரிட்டிஷ்காரர்.

ஓர் எடுத்துக்காட்டு. முதல் கையில் 10, 6. இரண்டாம் கையில் 5, 10. கூட்டினால் 16, 15. பிளாக்ஜாக் ஆடுபவர்கள் அஞ்சும் எண்கள் இவை. இன்னொரு கார்டு எடுத்தால் 21ஐத் தாண்டும் அபாயம், எடுக்காவிட்டால் டீலர் முந்திவிடும் அபாயம். இப்போது இரண்டாவது கார்டுகளை இடம் மாற்றினால் முதல் கை 10, 10 என்று 20 ஆகிறது. இரண்டாம் கை 5, 6 என்று 11 ஆகிறது. இரண்டு தோல்விகள் ஒரே தொடுகையில் இரண்டு வலுவான கைகளாகிவிட்டன. சீட்டுக்கட்டைக் கையில் எடுத்த எவருக்கும் என்றாவது எழுந்திருக்கக்கூடிய ஆசை இது. அந்தக் கார்டு மட்டும் இங்கே வந்திருந்தால் என்ற ஆசையை இந்த விளையாட்டு விதியாகவே வழங்குகிறது.

சலுகைக்கான விலை எங்கே?

சாதாரண மேசையில் இது ஏமாற்று வேலை. இங்கே அனுமதிக்கப்படுகிறது என்றால் அதற்கான விலை வேறெங்கோ வசூலிக்கப்படுகிறது என்று பொருள். அது மூன்று இடங்களில் வசூலாகிறது.

பெரிய விலை 22 என்ற எண்ணில் ஒளிந்திருக்கிறது. சாதாரண ஆட்டத்தில் டீலருக்கு 22 வந்தால் அவர் தோற்றுவிட்டார், மேசையில் எஞ்சியிருக்கும் அனைவருக்கும் வெற்றி. ஸ்விட்ச் வகையில் டீலருக்குச் சரியாக 22 வந்தால் ஆட்டம் சமன். ஆடுபவர் 20 வைத்திருந்தாலும், 21 வைத்திருந்தாலும், பந்தயப் பணம் மட்டுமே திரும்பும். முதலில் கிடைத்த இரு கார்டுகளிலேயே அமைந்த பிளாக்ஜாக் மட்டும் இதிலிருந்து தப்பும். டீலருக்கு 22 வருவது அரிதான நிகழ்வன்று. நூறு சுற்றுகளில் சுமார் ஏழு முறை அப்படி நேரும். ஏழு முறையும் வெற்றி கைக்கு வந்து நழுவுகிறது. பணம் பறிபோகவில்லை, 'சமன்' என்று திரை சொல்வதால் இழப்பு இழப்பாகவே தெரிவதில்லை. இந்த விளையாட்டின் தந்திரம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது இச்செய்தியாளரின் கருத்து.

அடுத்த விலை பிளாக்ஜாக்கின் பரிசில் பிடிக்கப்படுகிறது. 100 ரூபாய்க்கு 150 என்பது இங்கே 100 ஆகக் குறைகிறது. ஏறத்தாழ 21 கைகளுக்கு ஒருமுறை பிளாக்ஜாக் அமையும். ஒவ்வொரு முறையும் 50 ரூபாய் குறைந்தால், சராசரியாக ஒவ்வொரு 100 ரூபாய்ப் பந்தயத்துக்கும் இரண்டு ரூபாய்க்கு மேல் விடுதியிடம் தங்குகிறது. தவிரவும், கார்டை மாற்றி உருவாக்கிய ஏஸ், 10 இணை பிளாக்ஜாக் ஆகாது. அது வெறும் 21.

எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால், ஆறு சீட்டுக்கட்டுகளை வைத்து நடக்கும் ஆட்டத்தில் விடுதிக்கு எஞ்சும் சாதகம் சுமார் 0.6 விழுக்காடு. நல்ல விதிகள் கொண்ட சாதாரண பிளாக்ஜாக்கின் நிலையும் ஏறக்குறைய இதுவே. ஆக, கார்டை மாற்றும் உரிமையால் ஆடுபவருக்கு நிகரமாகக் கிடைத்தது எதுவும் இல்லை. 'சாதகம்' என்ற சொல்லையே இங்குத் தயக்கத்துடன்தான் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. சூதாட்டத் துறையில் புழங்கும் ஆங்கிலச் சொல்லைத் தமிழாக்கும்போது அது வீட்டுக்காரருக்குக் கிடைக்கும் ஏதோ சிறு வசதி போல ஒலிக்கிறது. உண்மையில் அது வாடகை. ஒவ்வொரு சுற்றுக்கும் தவறாமல் கட்டப்படும் வாடகை.

0.6 விழுக்காடு என்பது சிறிய எண்தானே என்று தோன்றலாம். கைக்கு 100 ரூபாய் வீதம் சுற்றுக்கு 200 ரூபாய். திரையில் நிமிடத்துக்கு மூன்று சுற்று ஆடினால் மணிக்கு 180 சுற்று. ஒரு மணி நேரத்தில் பந்தயமாகச் சுழலும் தொகை 36,000 ரூபாய். அதில் 0.6 விழுக்காடு 216 ரூபாய். இது சராசரிக் கணக்கு மட்டுமே. ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் மேலும் கீழும் போகும் ஏற்ற இறக்கங்கள் இதில் அடங்கவில்லை. மேலும், கணினி வகுத்த உத்தியைப் பிசகாமல் பின்பற்றுபவருக்குத்தான் 0.6. எப்போது மாற்றுவது, எப்போது மாற்றாமல் விடுவது என்பதை உள்ளுணர்வால் முடிவு செய்பவர் இதைவிட அதிகமாகவே இழப்பார். இவ்விளையாட்டுக்குத் 'திறமை' தேவைப்படுவது உண்மை. அந்தத் திறமை வெல்வதற்குப் பயன்படுவதைவிட, மெதுவாகத் தோற்பதற்கே பயன்படுகிறது.

வேகம்தான் இதில் முக்கியம் என்பதைப் பிரிட்டன் உணர்ந்திருக்கிறது. அங்கு ஸ்லாட் எந்திரங்கள் தவிர்த்த ஆன்லைன் கேசினோ ஆட்டங்களில் ஒரு சுற்றுக்குக் குறைந்தது ஐந்து விநாடி ஆக வேண்டும் என்ற விதி 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேரள லாட்டரியுடன் ஒப்பிட்டாலும் இது விளங்கும். லாட்டரியில் விடுதியின் பங்கு பன்மடங்கு அதிகம். ஆனால் அது நாளுக்கு ஒரு குலுக்கல். இழந்தவர் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் கணக்குகள் அனைத்தும் சீட்டு நேர்மையாகக் கலைக்கப்படுகிறது என்ற அனுமானத்தில் நிற்பவை. உரிமம் இல்லாத தளத்தில் அதைச் சரிபார்க்க யாரும் இல்லை.

'திறன்' என்ற ஒரு சொல்

இந்தியச் சட்டத்தில் இந்தச் சொல்லுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1867ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்டச் சட்டமே திறனை மட்டும் சார்ந்த விளையாட்டுகளுக்கு விலக்கு அளித்தது. அரசியலமைப்பின் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 34ஆவது பதிவு பந்தயம், சூதாட்டம் ஆகியவற்றை மாநிலங்களின் அதிகாரத்தில் வைத்தது. ஆந்திர அரசுக்கும் கே.சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறன் சார்ந்த விளையாட்டு என்று கூறியது. எந்தக் கார்டு விழுந்தது என்பதை நினைவில் வைத்து, எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதே தீர்ப்பு மூன்று கார்டு ஆட்டத்தை முற்றிலும் தற்செயலைச் சார்ந்தது என்று ஒதுக்கியது.

நண்பர்கள் கூடி ஆடும் ரம்மிக்காகச் சொல்லப்பட்ட அந்தக் காரணம், அரை நூற்றாண்டு கழித்துச் செயலி நிறுவனங்களின் கேடயமானது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்ற அதே முடிவைத்தான் ஸ்விட்ச் வகையும் ஆடுபவரிடம் கேட்கிறது. வேறுபாடு ஒன்று உண்டு. ரம்மியிலும் போக்கரிலும் ஆடுபவர்கள் ஒருவரோடொருவர் மோதுகிறார்கள், நிறுவனம் தரகு எடுக்கிறது. பிளாக்ஜாக்கில் நிறுவனமே எதிராளி. கார்டைக் கலைப்பதும், விதியை வகுப்பதும், வென்றால் மகிழ்வதும் அதே தரப்பு.

தலைகீழான எட்டு வாரங்கள்

எல்லைக் கிராமங்களின் பார்வையில் பின்வரும் தேதிகளைப் படிக்க வேண்டும். 2020 நவம்பரில் தமிழ்நாடு அரசு பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு அவசரச் சட்டம் மூலம் தடை விதித்தது. களியக்காவிளையில் குற்றமான ஆட்டம் பாறசாலையில் குற்றமில்லை என்ற நிலை. அவ்வாண்டின் இறுதியில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் ஆன்லைன் ரம்மியில் பெரும் தொகையை இழந்த இளைஞர் ஒருவர் உயிரை மாய்த்துக்கொண்டது கேரளத்தை உலுக்கியது. விளம்பரங்களில் தோன்றிய கிரிக்கெட் வீரர் விராட் கோலி, நடிகை தமன்னா, நடிகர் அஜு வர்கீஸ் ஆகியோருக்குக் கேரள உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் நோட்டீஸ் அனுப்பியது. பிப்ரவரி 23 அன்று, 1960ஆம் ஆண்டின் கேரள விளையாட்டுச் சூதாட்டச் சட்டத்தின் கீழ் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ரம்மிக்கு அம்மாநில அரசு தடை விதித்தது. ரம்மியைப் பொறுத்தவரை எல்லையின் இருபுறமும் ஒரே சட்டம்.

2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்நாட்டின் சட்டத்திருத்தத்தை ரத்து செய்தது. கேரளத் தடையோ நீடித்தது. செப்டம்பர் 27 அன்று நீதிபதி டி.ஆர்.ரவி அதையும் ரத்து செய்யும் வரை ஏறத்தாழ எட்டு வாரங்களுக்கு நிலைமை தலைகீழ். பாறசாலையில் தடை, களியக்காவிளையில் அனுமதி. நிறுவனங்கள் தடையுள்ள மாநிலங்களை இருப்பிடத் தரவின் அடிப்படையில் விலக்கி வைப்பதாகக் கூறிவந்தன. கைபேசி எந்த மாநிலத்துக் கோபுரத்தைப் பிடிக்கும் என்பதே நிச்சயமில்லாத ஊர்களில் அதற்கு என்ன பொருள் என்பதை வாசகர்களே ஊகிக்கலாம்.

இந்த எல்லையே வயதில் இளையது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் அன்றைய சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. அதுவரை அனைத்தும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம். மொழிக்காக வரையப்பட்ட கோடு பின்னர் லாட்டரிக்கும், இப்போது இணையச் சீட்டாட்டத்துக்கும் கோடாக மாறியிருக்கிறது.

தமிழ்நாடு அத்துடன் விடவில்லை. ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையிலான குழு 2022 ஜூனில் அறிக்கை அளித்தது. அக்டோபரில் சட்டப்பேரவை புதிய மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் ஆர்.என்.ரவி 2023 மார்ச்சில் அதைத் திருப்பி அனுப்ப, பேரவை மீண்டும் நிறைவேற்ற, ஏப்ரலில் அது சட்டமானது. 2023 நவம்பர் 9 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்று கூறியது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் தற்செயல் விளையாட்டுகள் என்று பட்டியலிட்ட அட்டவணையை நீக்கியது. சீட்டு, பகடை, சக்கரம் ஆகியவற்றைக் கொண்டு தற்செயல் முடிவுகளை உருவாக்கும் நிரலில் இயங்கும் ஆட்டங்கள் குறித்த பிரிவும், திறன் விளையாட்டுகளான அவ்விரண்டுக்கும் பொருந்தாது எனச் சுருக்கப்பட்டது. பெயர் சொல்லிக் காக்கப்பட்டவை அவ்விரண்டே. பிளாக்ஜாக்கும் அதன் வகைகளும் அந்தப் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன.

2025இல் மாறியது

கடந்த ஐந்தாண்டு வழக்குகள் முழுவதும் சுற்றிவந்த 'திறனா, தற்செயலா' என்ற கேள்வியை மத்திய அரசு ஒரே அடியில் ஒதுக்கிவிட்டது. ஆன்லைன் விளையாட்டு ஊக்குவிப்பு மற்றும் ஒழுங்குமுறைச் சட்டம் 2025 ஆகஸ்ட் 20 அன்று மக்களவையிலும், மறுநாள் மாநிலங்களவையிலும் நிறைவேறி, 22ஆம் தேதி குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. ஆட்டம் திறனைச் சார்ந்ததா, தற்செயலைச் சார்ந்ததா, இரண்டும் கலந்ததா என்பது இச்சட்டத்துக்குப் பொருட்டில்லை. பணம் கட்டி, பணம் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்புடன் ஆடினால் அது 'ஆன்லைன் பண விளையாட்டு'. அதை வழங்கும் நிறுவனத்தினருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கப்படலாம். விளம்பரம் செய்வோருக்கு இரண்டு ஆண்டு, 50 லட்சம். பணப் பரிமாற்றத்துக்கு உதவும் வங்கிகளும் தப்ப முடியாது. ஆண்டுக்கு சுமார் 45 கோடிப் பேர் ஏறத்தாழ 20,000 கோடி ரூபாயை இழப்பதாக அப்போது அரசு மதிப்பிட்டிருந்தது.

இந்த அணுகுமுறையில் ஒரு நேர்மை இருக்கிறது. ஸ்விட்ச் விளையாட்டின் கணக்கைப் பார்த்தவர்களுக்கு, திறமை இருப்பதும் விடுதி வெல்வதும் ஒன்றையொன்று விலக்குபவை அல்ல என்பது புரிந்திருக்கும். எனவே திறனின் அளவை எடைபோடுவதில் நீதிமன்றங்கள் செலவிட்ட ஆண்டுகள், ஆடுபவரின் இழப்பைப் பற்றி அதிகம் சொல்லிவிடவில்லை. நிறுவனங்கள் இதை ஏற்கவில்லை. வணிகம் செய்யும் அடிப்படை உரிமையும் மாநிலங்களின் அதிகாரமும் மீறப்படுவதாகக் கூறிப் பல உயர் நீதிமன்றங்களில் தொடரப்பட்ட வழக்குகள், 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன.

சட்டத்துக்குக் கட்டுப்பட்டு உள்நாட்டுச் செயலிகள் பண ஆட்டங்களை நிறுத்தின. வெளிநாட்டிலிருந்து இயங்கும் தளங்களின் நிலை வேறு. சட்டம் அவற்றையும் கட்டுப்படுத்தும் என்று எழுதப்பட்டிருக்கிறது. 2022 முதல் 2025 ஜூன் வரை 1,500க்கும் மேற்பட்ட பந்தய, சூதாட்டத் தளங்களையும் செயலிகளையும் முடக்க உத்தரவிட்டதாக அரசு நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. முடக்கப்பட்ட தளம் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு மீண்டும் வருவது இத்துறையில் வழக்கம். பிளாக்ஜாக் ஸ்விட்ச் போன்ற கேசினோ ஆட்டங்கள் பெரும்பாலும் இத்தகைய தளங்களிலேயே கிடைக்கின்றன. பணமில்லாமல் ஆடிப் பார்க்கும் வசதியும் அங்குண்டு. அதில் பழகும்போது கார்டு மாற்றும் இன்பம் முழுமையாகக் கிடைக்கும், 22இன் வலி தெரியாது.

புகார் கொடுக்க அஞ்சுவது யார்?

எல்லைக் கிராமங்களுக்கு உண்மையான சிக்கல் இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. மத்தியச் சட்டம் ஆடுபவரைக் குற்றவாளியாகக் கருதவில்லை, பாதிக்கப்பட்டவராகவே பார்க்கிறது. தமிழ்நாட்டின் 2022ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, ஆன்லைன் சூதாட்டத்தில் ஈடுபடுபவருக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடமிருக்கிறது. கேரளத்தின் சட்டம் 1960இல் எழுதப்பட்டது. பொதுச் சூதாட்ட இல்லத்தை மையமாக வைத்துப் பேசுவது, வீட்டுத் திண்ணையில் கைபேசியுடன் அமர்ந்திருப்பவரை மனத்தில் கொண்டதன்று.

இதன் விளைவை எண்ணிப் பார்க்கலாம். இழந்த பணத்தில் ஒரு பகுதி பெரும்பாலும் வெளிநாட்டுத் தளத்துக்கு நேரடியாகச் செல்வதில்லை. யாரோ ஒருவரின் வாடகை வங்கிக் கணக்குக்கோ யுபிஐ முகவரிக்கோ செல்கிறது. அந்தக் கணக்கைக் கண்டறிய முக்கியமான வழி, பணம் அனுப்பியவர் முன்வந்து சொல்வது. பாறசாலையில் இருப்பவர் தயக்கத்துடனாவது காவல் நிலையத்துக்குச் செல்லலாம். சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அவருடைய மைத்துனர், புகார் கொடுத்தால் தன்மீதே வழக்கு வருமோ என்று யோசிப்பார். தமிழ்நாட்டுச் சட்டத்தின் நோக்கம் தடுப்பதுதான் என்றாலும், ஆடுபவரைத் தண்டிக்கும் பிரிவு நடைமுறையில் தளத்தை நடத்துபவருக்கே அரணாகிவிடும் ஆபத்து உள்ளது. மத்தியச் சட்டத்தைப் பின்பற்றி அந்தப் பிரிவைத் தமிழ்நாடு மறுபரிசீலனை செய்வது நல்லது. பந்தயம், சூதாட்டம் ஆகியவை யாருடைய அதிகாரம் என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன் இருப்பதால், மாநிலம் அதுவரை காத்திருக்கவே விரும்பலாம்.

அதற்கிடையே, இணையவழியில் பணத்தை இழந்தவர்களுக்கு 1930 என்ற தேசிய உதவி எண் இரு மாநிலங்களிலும் செயல்படுகிறது. பணம் சென்ற கணக்கு எண், பரிவர்த்தனை எண், தளத்தின் முகவரி, உரையாடல்களின் திரைப்பதிவு ஆகியவற்றை அழிக்காமல் வைத்திருப்பது அவசியம். புகார் எவ்வளவு விரைவாகச் செல்கிறதோ அந்த அளவுக்குப் பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் முடக்கப்படும் வாய்ப்பு உண்டு. கடன் சுமையாலும் மன உளைச்சலாலும் தவிப்பவர்கள், அவர்களுடைய குடும்பத்தினர் 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இலவச ஆலோசனை பெறலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம் என்பதால், எல்லையின் எந்தப் பக்கத்திலிருந்து அழைத்தாலும் சிரமமில்லை.